குத்தகைப் பத்திரத்தின் கடைசிப் பக்கம்

பெங்களூரில் வீடு தேடி அலைந்த தமிழ்க் குடும்பங்களுக்கு 'லீஸ்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. "வாடகைக்கா, லீசுக்கா?" என்பதுதான் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி. ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருஷம் வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதே தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். நம் ஊர்ப் பக்கம் ஒத்தி, போக்கியம் என்று சொல்வது இதைத்தான். இந்த ஏற்பாட்டில் நமக்குள்ள பெரிய கவலை ஒன்றே ஒன்று: முடியும்போது பணம் முழுசாகத் திரும்பி வருமா?

அரசாங்க நிலங்களுக்கும் கட்டடங்களுக்கும் குத்தகை உண்டு. அங்கே காலக்கணக்கு இரண்டு மூன்று வருஷம் அல்ல. முப்பது, அறுபது, தொண்ணூற்றொன்பது என்று போகும். கையெழுத்துப் போடும் அதிகாரி முடிவு நாளில் பதவியில் இருக்க மாட்டார். உயிரோடு இருப்பதே சந்தேகம். ஆகவே முடியும்போது என்ன ஆகும் என்ற கவலை அங்கே யாருக்கும் வருவதில்லை. வீட்டுக் குத்தகையில் நாம் முதலில் கேட்கும் கேள்வியை ஊர்க் குத்தகையில் யாரும் கேட்பதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டு, மேலே கிரேட்டர் பெங்களூர் ஆணையம் அமைந்தது. ஐந்து மாநகராட்சி என்றால் ஐந்து தலைமை அலுவலகம் வேண்டும். வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாகக் கட்டுவதா, தனியாரைக் கட்டச் சொல்லி நிலத்தைக் குத்தகைக்கு விடுவதா என்ற கேள்வி தானாகவே வந்து நிற்கும். அதற்கு முன்பிருந்தே பி.டி.ஏ. வணிக வளாகங்களைப் பற்றிய வாக்குவாதம் நடந்துவருகிறது. இந்திராநகர், கோரமங்களா, ஆர்.டி. நகர், சதாசிவநகர் முதலிய இடங்களில் பி.டி.ஏ. தன் லேஅவுட்டுகளுக்காகக் கட்டிய வளாகங்களை இடித்து, தனியார் கூட்டுடன் புதிதாகக் கட்டி, நீண்ட காலக் குத்தகைக்கு விடுவது என்ற திட்டம் அமைச்சரவை வரை சென்றது. இந்திராநகரில் குடியிருப்போர் எதிர்த்தார்கள். அங்குள்ள மரங்களுக்காகவும் குரல் கொடுத்தார்கள். இந்த வளாகங்களில் கடை வைத்துப் பிழைக்கும் நம்மவர்களும் உண்டு. ஆகவே இது பேப்பரில் படித்துவிட்டு மடித்து வைக்கிற செய்தி அல்ல.

கட்டடச் செலவு எப்படி ஏறுகிறது?

ரயில்வேயில் சிவில் பிரிவில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் எஸ்டிமேட் போட்டவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

ஒரு லட்சம் சதுர அடியில் பல மாடி அலுவலகம் ஒன்று கட்டுவதாக வைத்துக்கொள்வோம். தோராயக் கணக்கில் சதுர அடிக்கு 4 கிலோ கம்பி. மொத்தம் 400 டன். 2020இல் கம்பி விலை டன்னுக்கு ஏறக்குறைய 45,000 ரூபாய். 2022இன் தொடக்க மாதங்களில் அது 75,000ஐத் தாண்டியது. அதே கட்டடம், அதே வரைபடம், அதே கம்பி. ஆனால் 1 கோடியே 80 லட்சம் ரூபாய்க் கம்பிச் செலவு 3 கோடி ஆகிவிட்டது. அந்த ஆண்டு மே மாதம் மத்திய அரசு எஃகு ஏற்றுமதிக்கு வரி போட்ட பிறகுதான் விலை இறங்கியது. ஜூலை மாதம் அரசாங்கக் கட்டுமான ஒப்பந்தங்களுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. சில சமயம் குறைவதும் உண்டு: 2025 செப்டம்பரில் சிமெண்டுக்கான வரி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. ஆனால் கொத்தனார் கூலி இறங்கியதாக நான் கண்டதில்லை. ஜல்லி விலையும் அப்படியே.

இதனால்தான் பெரிய ஒப்பந்தங்களில் 'விலை மாறுபாட்டு விதி' என்று ஒன்று வைக்கிறோம். ரயில்வே முறையில் ஒப்பந்தத் தொகையில் 15 சதவீதத்தை அசையாத பங்காக வைத்துவிட்டு, மீதி 85 சதவீதத்தைக் கூலி, கம்பி, சிமெண்ட், எரிபொருள் ஆகியவற்றின் விலைக் குறியீட்டோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். விலை ஏறினால் காண்ட்ராக்டருக்குக் கூடுதல் கிடைக்கும், இறங்கினால் பிடித்துக்கொள்வார்கள். இந்த விதி இல்லாத இடத்தில், விலை ஏறியதும் காண்ட்ராக்டர் வேலையை நிறுத்துவார். மறு டெண்டர், மறு எஸ்டிமேட் என்று இரண்டு வருஷம் ஓடும்.

உண்மையில் கம்பியையும் சிமெண்டையும்விட அதிகம் விழுங்குவது இந்தத் தாமதம்தான். 100 கோடி ரூபாய் எஸ்டிமேட்டை ஐந்து வருஷம் பீரோவில் வைத்துப் பூட்டினால், ஆண்டுக்கு 6 சதவீத விலையேற்றத்தில் அது ஏறக்குறைய 134 கோடி ஆகிவிடும். ஒரு செங்கல் வைக்காமலே 34 கோடி. மல்லேஸ்வரம் மார்க்கெட்டை நினைத்துப் பாருங்கள். பழைய கட்டடத்தை இடித்தாயிற்று. புதியது எழும்ப ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

சொந்தக் கட்டடம் என்றால் என்ன லாபம்?

பெங்களூரின் சரித்திரத்தில் இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. 1831இலிருந்து 1868 வரை ஆங்கிலேயர் நிர்வாக அலுவலகம் நடந்தது திப்பு சுல்தானின் மாளிகையில். இடம் போதாமல் கட்டியதுதான் அட்டாரா கச்சேரி, அதாவது பதினெட்டு இலாகாக்களின் கச்சேரி; இன்றைய உயர் நீதிமன்றம். அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் நம் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவர் பெயரில் உள்ள ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். பள்ளிகளில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். 1980களில் இட நெருக்கடியைக் காரணம் காட்டி இந்தச் சிவப்புக் கட்டடத்தை இடிக்கப் பார்த்தார்கள். பொதுமக்கள் நீதிமன்றம் வரை போனார்கள், கட்டடம் தப்பியது.

எதிரே நிற்கும் விதான சௌதாவுக்கு 1951 ஜூலை 13 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். முதலில் போட்ட திட்டம் எளிமையானது. பிறகு முதல்வரான கெங்கல் அனுமந்தய்யா அதைப் பெரிதாக மாற்றினார். 1956இல் முடிந்தபோது செலவு சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாயைத் தொட்டிருந்தது. மக்கள் பணத்தை வாரி இறைத்தார் என்று அவரைச் சாடினார்கள், விசாரணையும் நடந்தது. அந்தச் செலவு நியாயமா என்று இன்றும் பேசலாம். ஆனால் எழுபது வருஷமாக அந்தக் கட்டடத்துக்கு யாருக்கும் வாடகை கொடுக்கவில்லை, யாரும் காலி செய்யச் சொல்லவில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2005இல் அதன் பக்கத்திலேயே விகாஸ சௌதா வந்தது.

வாடகையும் தவறு என்று சொல்ல மாட்டேன். ஐந்து வருஷத்துக்கு மட்டும் தேவைப்படும் அலுவலகத்துக்குக் கட்டடம் கட்டுவது வீண். எப்போதும் இருக்கப்போகும் அலுவலகத்தை எப்போதும் வாடகையில் வைத்திருப்பதும் வீண். இவ்வளவுதான் விதி.

மூன்றாவது வழி

கட்டப் பணம் இல்லை, வாடகையும் கட்டுப்படியாகவில்லை என்னும்போதுதான் மூன்றாவது வழி வருகிறது. நிலம் அரசாங்கத்துடையது, பணம் தனியாருடையது. அவர் கட்டுவார், வாடகைக்கு விடுவார், அரசாங்கத்துக்கு ஒரு பங்கு கொடுப்பார். காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுப்பார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஒழுங்காக நடந்த இடங்களும் உண்டு. ஆனால் கட்டடச் செலவு ஏற ஏற, போட்ட பணத்தை எடுக்க அதிகக் காலம் வேண்டும் என்று தனியார் கேட்பார். முப்பது வருஷம் அறுபது ஆகும். அறுபது தொண்ணூற்றொன்பது ஆகும். விலைவாசியைக் காட்டி வருஷங்களை வாங்கிக்கொள்வது என்பது இதுதான்.

அறுபது வருஷம் என்றால் என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று 100 ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் முப்பது வருஷத்தில் 574 ரூபாய். அறுபது வருஷத்தில் 3,300 ரூபாய். குத்தகைப் பணம் மட்டும் 100 ரூபாயிலேயே நின்றால், கடைசி வருஷம் அதன் மதிப்பு இன்றைய மூன்று ரூபாய். வருஷத்துக்கு 5 சதவீதம் உயர்வு என்று பத்திரத்தில் எழுதினால் அது முப்பது வருஷத்தில் நான்கு மடங்குக்கு மேல் வரும். ஒரே ஒரு வரி எழுதுவதில் இருக்கிறது ஊரின் லாபமும் நஷ்டமும்.

இன்னொரு விஷயம் எஞ்சினியர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் யோசிப்பதில்லை. சாதாரண கான்கிரீட் கட்டடத்தை ஐம்பது, அறுபது வருஷத்தை மனதில் வைத்துத்தான் வடிவமைக்கிறோம். பராமரிப்புக் குறைந்தால் முப்பதிலேயே கம்பி துருப்பிடித்து மேற்பூச்சு உதிர ஆரம்பித்துவிடும். அறுபது வருஷக் குத்தகை முடிந்து கைக்குத் திரும்புவது கட்டடமாக இராது. இடிப்பதற்கான செலவாகவே இருக்கும்.

எட்டணாக் குத்தகை

இதெல்லாம் வெறும் கற்பனை என்று நினைப்பவர்கள் அடுத்த முறை சென்னை போகும்போது சென்ட்ரல் நிலையத்தை விட்டு வெளியே வந்து, ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் நிற்கும் சிவப்புக் கட்டடத்தைப் பாருங்கள். அதுதான் விக்டோரியா பப்ளிக் ஹால். 1883இல் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். வரைந்தவர் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. 1896இல் சென்னையின் முதல் சினிமாக் காட்சி அங்கே நடந்தது. 1897இல் விவேகானந்தர் அங்கே பேசினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகம் போட்டது.

அந்த இடம் மாநகராட்சியின் நிலம். 57 கிரவுண்டு, அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்று மேல். 1886இல் அறக்கட்டளைக்கு 99 வருஷக் குத்தகை. கிரவுண்டுக்கு எட்டணா. மொத்தம் 28 ரூபாய் 8 அணா. அந்தக் காலத்தில் பொதுமக்களுக்காக ஒரு மன்றம் வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் போட்டதுதான். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நூறு வருஷத்தில் சென்ட்ரல் எதிரே உள்ள நிலத்தின் மதிப்பு எங்கே போயிற்று, எட்டணா எங்கே நின்றது?

1985இல் குத்தகை முடிந்தது. கட்டடம் மறுநாளே திரும்பி வந்துவிடவில்லை. வழக்கு, தகராறு என்று இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. நடுவில் கூரை ஒழுகியது, சுவரில் செடி முளைத்தது. யார் பழுது பார்ப்பது என்பதற்கே பதில் இல்லை. கடைசியில் 2023இல் 32 கோடியே 62 லட்சம் ரூபாய் மதிப்பீட்டில் சீரமைப்பு வேலை தொடங்கியது. அந்தக் கட்டடத்தின் குத்தகைப் பத்திரத்தில் கடைசிப் பக்கத்தைக் கவனித்து எழுதியிருந்தால் இதில் பெரும் பகுதி மிஞ்சியிருக்கும்.

பெங்களூரிலும் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் டர்ஃப் கிளப் இருக்கும் இடம் அரசாங்க நிலம்தான். குத்தகை 2009 இறுதியில் முடிந்தது. பிறகு வழக்கு, அவகாசம், மேல்முறையீடு. அங்கே பல ஆண்டுகள் குதிரைகள் ஓடிக்கொண்டேயிருந்தன. கோப்பு மட்டும் நகரவில்லை.

ரயில்வே யோசனையை மாற்றிக்கொண்ட கதை

குத்தகையை மறுபடி யோசித்துப் பார்ப்பது கௌரவக் குறைச்சல் அல்ல. என் பழைய இலாகாவே அதைச் செய்திருக்கிறது.

ரயில் நிலையங்களைத் தனியார் பணத்தில் புதுப்பிக்க 2012இல் தனிக் கம்பெனி ஒன்றை ரயில்வே அமைத்தது. போபாலில் ஹபீப்கஞ்ச் நிலையம் முதலில் எடுக்கப்பட்டது. பக்கத்து நிலத்தை 45 வருஷக் குத்தகைக்குக் கொடுத்து நிலையத்தைக் கட்டச் செய்தார்கள். 2021 நவம்பர் 15 அன்று ராணி கமலாபதி என்ற புதிய பெயரில் அது திறக்கப்பட்டது. அதே முறையில் 2017இல் 23 நிலையங்களை முன்வைத்தார்கள். நம் சென்னை சென்ட்ரல், பெங்களூர் கண்டோன்மென்ட், யஷ்வந்தபூர் மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன. எதிர்பார்த்தபடி ஆள் வரவில்லை. 2018இல் குத்தகைக் காலத்தை 99 வருஷம் வரை நீட்டலாம் என்று மத்திய அமைச்சரவை அனுமதித்தது. அப்படியும் வேகம் பிடிக்கவில்லை. 2021இல் அந்தக் கம்பெனியே மூடப்பட்டது.

பிறகு ரயில்வே தன் சொந்தப் பணத்திலேயே கட்டுவது என்று இறங்கியது. 2022 ஜூன் 20 அன்று கண்டோன்மென்டுக்குச் சுமார் 480 கோடி, யஷ்வந்தபூருக்குச் சுமார் 375 கோடி என்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஜோலார்பேட்டையிலிருந்து 1864இல் ரயில் வந்து நின்ற இடம் கண்டோன்மென்ட். நம் பாட்டன் பூட்டன் தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய நிலையம். அந்த நிலத்தை 99 வருஷத்துக்கு எழுதிக் கொடுக்காமல் தப்பித்தோம் என்று நான் நினைக்கிறேன். இதுவும் வரிப்பணம்தான், இலவசம் அல்ல. ஆனால் நிலம் கையில் இருக்கிறது. அடுத்த தலைமுறை தன் தேவைக்கு ஏற்ப முடிவு செய்துகொள்ளலாம்.

கடைக்காரரின் கேள்வி

எங்கள் பகுதியில் அரசாங்க வளாகம் ஒன்றில் தையற்கடை வைத்திருக்கிறார் ஒருவர். வாணியம்பாடிப் பக்கம் சொந்த ஊர். என் பேத்தியின் பள்ளிச் சீருடை தைக்கக் கொடுக்கப் போனபோது கேட்டார்:

"சார், நீங்க எஞ்சினியர்தானே? இதை இடிச்சிட்டுப் புதுசா கட்டப்போறாங்களாம். எங்களுக்குத் திரும்பக் கடை கொடுப்பாங்களா?"

"உங்க கிட்ட என்ன பேப்பர் இருக்குப்பா?" என்றேன்.

மேஜை டிராயரிலிருந்து வாடகை ரசீதுக் கட்டு ஒன்றை எடுத்தார். பதினெட்டு வருஷ ரசீது. எல்லாம் வேறொருவர் பெயரில். கடையை எடுத்தவர் அவர்; இவர் உள்வாடகைக்காரர்.

அவருக்கு என்ன சொல்வது? புதிய வளாகம் வரும்போது பழைய கடைக்காரருக்கு இடம் தருவதாகச் சொன்னாலும், அது பத்திரத்தில் பெயர் உள்ளவருக்குத்தான். உழைப்பவர் ஒருவர், பெயர் ஒருவருக்கு என்ற நிலையில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கட்டி முடிக்கும் மூன்று நான்கு வருஷம் மிஷினை எங்கே போட்டுத் தைப்பது, புதிய மாலில் சதுர அடிக்குக் கேட்கும் வாடகையை ஒரு ரவிக்கைக் கூலியில் கொடுக்க முடியுமா என்பதெல்லாம் எந்த எஸ்டிமேட்டிலும் வராத செலவுகள். ஆனால் யாரோ ஒருவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நாம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஏதாவது ஒரு பொதுக் கட்டடத்தைக் குத்தகைக்கு விடப்போவதாக நம் வார்டில் கூட்டம் போட்டால், சும்மா கை தட்டிவிட்டு வராமல் இவற்றைக் கேளுங்கள்.

1. காலம் எத்தனை வருஷம்? நீட்டிப்பு தானாகவா, புதிதாக விலை பேசியா?

2. குத்தகைப் பணம் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை, எவ்வளவு உயரும்? வருமானத்தில் பங்கு என்றால் அந்தக் கணக்கை யார் தணிக்கை செய்வார்கள்?

3. கட்டுவதில் தாமதமானால் தண்டம் யாருக்கு? கட்டும் காலம் குத்தகைக் காலத்தில் சேருமா, தனியா?

4. இப்போது கடை நடத்துபவர்களுக்கு இடைக்காலத்தில் எங்கே இடம்? பிறகு என்ன வாடகை? உள்வாடகைக்காரர் கதி என்ன?

5. முடியும் நாளில் கட்டடம் எந்த நிலையில் திரும்ப வேண்டும்? பராமரிப்புக்கென்று வைப்புத்தொகை உண்டா? குத்தகைதாரர் அந்த இடத்தை வங்கியில் ஈடு வைக்கலாமா?

கூட்டத்தில் பதில் கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். நமக்குக் கன்னடம் எழுதத் தடுமாற்றம் என்றால், இங்கே பள்ளியில் படித்து வளர்ந்த நம் பிள்ளைகள் அழகாக எழுதித் தருவார்கள். பிழைக்க வந்த ஊர்தானே, நமக்கென்ன என்று இருக்க வேண்டாம். நாம் வரி கட்டுகிறோம், கடை வைத்திருக்கிறோம், நம் பேரப்பிள்ளைகள் இங்கேதான் இருக்கப்போகிறார்கள். அறுபது வருஷக் குத்தகை முடியும் நாளில் இந்த ஊரில் இருக்கப்போவது அவர்கள்தான்.

அரசாங்க வளாகங்களில் கடை வைத்திருக்கும் அன்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களிடம் இருக்கும் பத்திரத்தை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது, பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு அவசியம். ரசீதுகளை வருஷவாரியாக அடுக்கி ஒரு நகல் எடுத்து வையுங்கள். தையற்காரரிடமும் இதைத்தான் சொன்னேன். மறுநாளே ஒரு பையில் போட்டு நகல் எடுக்கக் கொண்டுபோனார்.